இரண்டு நெம்புகோலும் ஒரு விண்கலமும்

ஓடும் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் என்ன ஆகும்? சற்றுத் தூரம் உருண்டு நின்றுவிடும். தரையின் உராய்வும் காற்றின் தடையும் அதை நிறுத்துகின்றன. விண்வெளியில் இந்தத் தடைகள் இல்லை. எஞ்சினை அணைத்த பின்னும் கலம் ஓடிக்கொண்டேயிருக்கும். இரட்டை நெம்புகோல் திராட்டிலைக் கணிப்பொறியில் இணைத்து விண்கல விளையாட்டு ஆட விரும்புகிறவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

இரட்டை எஞ்சின் விமானத்தில் எஞ்சினுக்கு ஒரு நெம்புகோல் உண்டு. பின்னே இழுத்தால் குறைந்த விசை. முன்னே தள்ளினால் முழு விசை. விண்கலத்துக்கு இது போதாது. நிற்க வேண்டுமானால் எதிர்த்திசையில் உந்தியாக வேண்டும் அல்லவா? ஆகவே நெம்புகோலின் நடுப்புள்ளியைச் சுழியாகக் கொள்கிறோம். முன்னே தள்ளினால் கலம் முன்னோக்கியும், பின்னே இழுத்தால் பின்னோக்கியும் உந்தப்படும்.

இரண்டாவது நெம்புகோல் எதற்கு? விண்கலத்துக்கு ஆறு வகை அசைவுகள் உண்டு. முன்-பின், மேல்-கீழ், இட-வலம் என இடம்பெயர்தல் மூன்று. மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்புதல் மூன்று. அப்போலோ கலத்தில் இடம்பெயர்க்க இடக்கைப்பிடியும், திருப்ப வலக்கைப்பிடியும் இருந்தன. நாமும் அவ்வாறே செய்வோம். வலக்கையில் ஜாய்ஸ்டிக், அது திருப்பும். இடக்கையில் திராட்டில். அதன் ஒரு நெம்புகோல் முன்-பின்னுக்கு, மற்றது மேல்-கீழுக்கு. இட-வல அசைவைக் கட்டைவிரல் பொத்தானுக்குக் கொடுத்துவிடலாம்.

இனி அமைக்கும் முறை:

1. இரு நெம்புகோல்களையும் பிணைக்கும் பூட்டு இருந்தால் விடுவியுங்கள்.

2. ஒவ்வொன்றையும் கடைசிவரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். திரையில் இரண்டும் தனித்தனி அச்சுகளாக அசைகின்றனவா என்று பாருங்கள்.

3. விளையாட்டின் அமைப்புப் பகுதியில் இரண்டுக்கும் 'முழு வீச்சு' முறையைத் தேர்ந்தெடுங்கள்.

4. நடுப்புள்ளியைச் சுற்றிச் சிறிது 'செயலற்ற பகுதி' ஒதுக்குங்கள்.

நான்காவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போமா? நெம்புகோல் நடுவில் நிற்பதாக நினைக்கிறீர்கள். ஆனால் 2 சதவீதம் முன்னே தள்ளியிருக்கிறது. முழு விசையில் கலத்தின் முடுக்கம் வினாடிக்கு வினாடி 10 மீட்டர் என்றால், இப்போது அது 0.2 மீட்டர். ஒரு நிமிடத்தில் வேகம் வினாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் ஆகிவிடும்! அதற்குள் கலம் 360 மீட்டர் நகர்ந்திருக்கும். செயலற்ற பகுதியை 5 சதவீதமாக வைத்தால் இந்தச் சிறு பிழையைக் கணிப்பொறி பொருட்படுத்தாது.

இது வெறும் விளையாட்டுப் பேச்சன்று. 1966 மார்ச் 16-ஆம் நாள், நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் ஜெமினி-8 கலத்தை அஜீனா கலத்துடன் இணைத்தார்கள். விண்வெளியில் இரு கலங்கள் இணைந்தது அதுவே முதல் முறை. சிறிது நேரத்தில் ஜெமினியின் சிறு உந்துபொறி ஒன்று அணையாமல் எரியத் தொடங்கியது. கலம் சுழன்றது. அஜீனாவில்தான் கோளாறு என்றெண்ணி அதை விட்டுப் பிரிந்தார்கள். பாரம் குறையவே சுழற்சி இன்னும் விரைந்து, வினாடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்று ஆயிற்று! தடுக்க உராய்வு ஏது? ஆம்ஸ்ட்ராங் அந்த உந்துபொறித் தொகுதியை நிறுத்தினார். பூமிக்குத் திரும்புவதற்கென வைத்திருந்த வேறு உந்துபொறிகளால் எதிர்விசை கொடுத்துக் கலத்தை அடக்கினார். பயணம் அன்றே முடிந்தது. இருவரும் பத்திரமாகப் பசிபிக் கடலில் இறங்கினர்.

உங்களுக்கு ஒரு கணக்கு: நிற்கும் கலத்தை 6 வினாடி முழு விசையில் முன்னே உந்துகிறீர்கள். பிறகு நெம்புகோலைப் பின்பக்கம் பாதியளவு இழுத்தால் எத்தனை வினாடியில் கலம் நிற்கும்? 12 என்று சொன்னீர்களானால், நெம்புகோலைத் தொடலாம். விளையாட்டின் தானியங்கி உதவியை அணைத்துவிட்டுச் செய்து பாருங்கள்!