ரூபாயும் வட்டமும்

குடியானவன் நெல் விற்றுப் பெற்ற நாணயத்தை வேறு நாணயமாக மாற்றும்போது, சராபு பிடித்துக்கொள்ளும் கழிவுக்கு வட்டம் என்று பெயர். சென்னை ராஜதானியில் 1818-ஆம் வருஷம் வரை கும்பெனியாரின் கணக்கு வராகனில் நடந்தது. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். வராகன் பொன், பணம் வெள்ளி, காசு செம்பு. இம்மூன்றின் விலையும் தனித்தனியே ஏறி இறங்கும். ஆகவே கையிலுள்ள காசு எவ்வளவு பெறும் என்று சொல்லவல்லவன் சராபு ஒருவனே. அவன் சொன்னதே விலை.

1818-இல் வெள்ளி ரூபாய் சென்னைக்குப் பிரதான நாணயமாயிற்று. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்கு மாற்றப்பட்டது. 1835-இல் கும்பெனியாரின் சீமை முழுவதற்கும் ஒரே ரூபாய் ஏற்பட்டது. எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. 12-இல் 11 பங்கு சுத்த வெள்ளி. ஒரு புறம் நான்காம் வில்லியம் அரசரின் தலை. மறுபுறம் கும்பெனியின் பெயர். விளிம்பில் வெட்டிய வரிகள் அலங்காரத்துக்கு ஏற்பட்டவை அல்ல. அரத்தால் ராவி வெள்ளியைத் திருடினால், வரி அழிந்து காட்டிக்கொடுக்கும். எடை மாறாத நாணயமாதலால் ஜனங்கள் அதையே படிக்கல்லாகவும் கொண்டனர். சென்னைக் கடைத்தெருவில் பலம் என்றால் மூன்று ரூபாய் எடை.

நாணயத்தில் ஒழிந்த வட்டம் நோட்டில் மறுபடி தலையெடுத்தது. 1861-ஆம் வருஷத்துச் சட்டப்படி சர்க்கார் நோட்டுகள் வெளிவந்தன. விக்டோரியா மகாராணியின் உருவம் பொறித்த முதல் வரிசையைப் போலி செய்வோர் பெருகவே, 1867-இல் வேறு அமைப்புள்ள நோட்டுகள் வந்தன. ஆயின், ஒரு வட்டாரத்து நோட்டுக்கு அவ்வட்டாரத்திலேதான் உரிமையாக ரூபாய் கேட்கலாம். கல்கத்தா நோட்டைச் சென்னையில் மாற்ற வந்தவன் நிலை யாதாகும்? 1903 முதல் 1911 வரை 5, 10, 50, 100 ரூபாய் நோட்டுகள் படிப்படியாக எங்கும் செல்லுபடியாக்கப்பட்ட பின்னரே இத்தொல்லை நீங்கிற்று.

இதற்கிடையே ரூபாயின் தன்மையே மாறிவிட்டது. 1893-இல் பொதுஜனங்கள் வெள்ளியைக் கொணர்ந்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் உரிமை நிறுத்தப்பட்டது. அது முதல் ரூபாயின் மதிப்புக்கு ஆதாரம் உலோகமன்று, முத்திரையே. முதல் மகாயுத்தத்தில் வெள்ளி விலை ஏறவே, நாணயத்தை உருக்குவது லாபமாயிற்று. 1917-இல் ஒரு ரூபாய் நோட்டு பிறந்தது. அதில் வெள்ளி ரூபாயின் படத்தையே அச்சிட்டிருந்தனர். காகிதத்தை நம்பாதவனுக்கு இதைவிட எளிதாக விளக்குவது அரிது.

1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1941-க்கும் 1943-க்கும் இடையே பழைய வெள்ளி ரூபாய்கள் செலாவணியிலிருந்து நீக்கப்பட்டன. பானையில் புதைத்துவைத்துக் கெடுவை அறியாதிருந்தவனுக்கு அது கடைத்தெருவில் செல்லாத நாணயமாயிற்று. 1947-இல் நிக்கல் ரூபாய் வந்தது. அதன் ஒரு புறம் புலி.

1957 ஏப்ரல் 1-இல் ரூபாய் 100 நயா பைசாவாயிற்று. பழைய கணக்கில் 16 அணா ஒரு ரூபாயாதலால், ஓரணாவுக்கு ஆறேகால் பைசா வரவேண்டும். கால் பைசா நாணயம் இல்லை. சர்க்கார் அட்டவணைப்படி நான்கணாவுக்கு 25 பைசா. ஓரணாவுக்கு 6 பைசா. ஓரணா ஓரணாவாக நான்கு முறை மாற்றியவனுக்குக் கிடைத்தது 24.