அடி வாங்கும் கணவர் உங்களைத் தேடி வந்தால்

குடும்ப ஆலோசனைப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. "மனைவி அடிக்கிறாள்" என்று எந்த ஆணும் பேச்சைத் தொடங்க மாட்டார். "வீட்டுல கொஞ்சம் பிரச்சினை", "தூக்கமே வரல" என்பார். நீங்கள்தான் கேட்க வேண்டும்: மனைவி கை ஓங்குகிறாரா? பொருளை வீசுகிறாரா? சம்பளம் யார் கையில்? அம்மாவிடம் பேச விடுகிறாரா? குழந்தையைக் காட்டமாட்டேன் என்று மிரட்டுகிறாரா? "ஆம்பளைதானே நீ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிறகு அவர் யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

2. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று முதல் நாளே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இரவிலும் எடுப்பார்கள். எண்ணை எழுதிக் கொடுங்கள்.

3. திருப்பி அடிக்கச் சொல்லும் நண்பர்கள் அவருக்கு நிறையப் பேர். நீங்கள் அதில் சேராதீர்கள். சண்டை முற்றும்போது வெளியேறித் தங்க ஒரு வீடு, ஒரு செட் துணி, அசல் சான்றிதழ்கள் தயாராக இருக்கட்டும்.

4. சட்டத்தை உள்ளபடி சொல்லுங்கள். இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பெண்ணுக்காகத்தான் புகார் கொடுக்க முடியும். அதே ஆண்டு இலங்கை இயற்றிய சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. நமக்கும் அது வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெண்களுக்கு இருக்கும் பாதுகாப்பில் ஒரு எழுத்தும் குறையாமல். இன்றைக்கு அவர் கையில் இருப்பவை: காயப்படுத்தியதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 115ஆம் பிரிவு, மிரட்டலுக்கு 351ஆம் பிரிவு. கொடுமையைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க, 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் கணவருக்கும் இடம் தருகிறது.

5. காயம் பட்டால் அரசு மருத்துவமனைக்குப் போகட்டும். "வழுக்கி விழுந்தேன்" என்றால் பதிவேட்டிலும் அதுவே ஏறும்; பின்னால் மாற்றுவது கடினம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், அதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது.

6. வரதட்சணை வழக்குப் போட்டு உள்ளே தள்ளிவிடுவாளோ என்ற பயம்தான் பலரை ஊமையாக்குகிறது. புகார் வந்ததுமே தானாகக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் 2014லேயே சொல்லிவிட்டது. அதைப் பொறுமையாக விளக்குங்கள்.

7. இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பஞ்சாயத்து பேசாதீர்கள். வீடு திரும்பியதும் அதற்கும் அடி விழும். மனைவியும் அடி வாங்குகிறாரா என்பதைத் தனியாக, தயங்காமல் விசாரியுங்கள்.

8. அடுத்த சந்திப்புக்குத் தேதி குறித்துக் கொடுக்காமல் அவரை அனுப்பாதீர்கள்.