எட்டு போட்டால் போதுமா?

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ் வந்துவிடும். அந்த எட்டில் பஸ் இல்லை, மழை இல்லை, ராங் சைடில் வரும் பைக் இல்லை, பந்து பின்னால் ஓடிவரும் குழந்தை இல்லை. மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாயவிடாமல் பிடிக்கிறாயா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. மற்றதெல்லாம் வீட்டில் யாராவது உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டியது. 18 வயதை நெருங்கும் தம்பிக்கும் தங்கைக்கும் அக்கா அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. 18 முடிந்தால்தான் லைசென்ஸ். 16 வயதில் கிடைப்பது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். நம் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்களோ 110, 125 சிசி. டியூஷனுக்குத்தானே என்று எடுத்துப்போய் மாட்டிக்கொண்டால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 25,000 ரூபாய் அபராதம், பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. உனக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் வண்டிக்கு அடுத்தவரைக் கேட்டு நிற்க வேண்டும்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். பல வீடுகளில் அந்த 30 நாளும் சும்மா காத்திருந்தே கழிகிறது. அப்படி விடாதே, நிதானமாகக் கற்றுக்கொள்ள உனக்குக் கிடைக்கும் நல்ல காலம் அதுதான். வண்டியில் எல் போர்டு இருக்கட்டும். பின்னால் லைசென்ஸ் உள்ள அண்ணனோ சித்தப்பாவோ உட்காரட்டும், ஃபிரெண்டை ஏற்றாதே. ஞாயிறு காலையில் மைதானம், பிறகு தெரு, அது பழகியதும் பஸ் போகும் ரோடு. அந்தி மயங்கும் நேரத்திலும், தூறலிலும் ஒரு முறையாவது பெரியவர் துணையோடு ஓட்டிப் பார். பைபாஸ் எல்லாவற்றுக்கும் கடைசி.

பிரேக்குக்குத்தான் அதிக நேரம் கொடு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறான். ஆபத்தைக் கண் பார்த்து, மூளைக்கு உறைத்து, கை பிரேக்கை அழுத்த அந்த ஒரு நொடி போய்விடும். அதற்குள் ஏறக்குறைய ஒரு டவுன் பஸ்ஸின் நீளத்தைக் கடந்திருப்பாய். வண்டி வேகம் குறையத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இதைப் படித்தால் மனதில் நிற்காது. மைதானத்தில் ஒரு செங்கல்லை அடையாளம் வைத்து, 20-ல் ஒரு முறை, 40-ல் ஒரு முறை பிரேக் பிடித்து, எங்கே நிற்கிறாய் என்று இறங்கிப் பார். முன் பிரேக் தூக்கிப்போட்டுவிடும் என்று பயமுறுத்துவார்கள். அதை நம்பிப் பின் பிரேக்கை மட்டுமே மிதிக்கிறவர்கள் நிறைய. வண்டியை நிறுத்தும் பலம் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. ஹேண்டில்பாரை நேராக வைத்து, இரண்டையும் சேர்த்து, வெடுக்கென்று இல்லாமல் படிப்படியாக அழுத்து. மணலிலும் ஈரத்திலும் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிடு. அதிலும் மழை தொடங்கிய முதல் சில நிமிடம், ரோட்டில் கிடக்கும் எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும்.

அடுத்தது பார்வை. நின்றிருக்கும் பஸ்ஸைக் கடக்கிறாயா, அதன் முன்னாலிருந்து யாரோ குறுக்கே வரப்போகிறார் என்றே வைத்துக்கொள். ஓரமாக நிற்கும் காரின் கதவு திறக்கும் என்றே வைத்துக்கொள். லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீ தெரியவில்லை. அவர் இடது பக்கம் நுழையாதே. திரும்புவதற்கு முன் இண்டிகேட்டர், கண்ணாடி, பிறகு தோள் வழியாக ஒரு பார்வை. கிளம்பும் முன் சைடு ஸ்டாண்டைப் பார்த்துவிடு.

ஹெல்மெட் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. 2022-ல் இந்தியாவில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, தலைக்குச் சிக்கென்று பொருந்துவதாக வாங்கு. வார் மாட்டாத ஹெல்மெட் விழும்போது உனக்கு முன்னால் உருண்டு போய்விடும். ஒருமுறை பலமாக அடிபட்டதை மறுபடி போடாதே.

தங்கைக்குத் தனியாக ஒன்று. பையனுக்கு வாரக்கணக்கில் சொல்லித்தரும் வீடுகள், பெண்ணுக்கு ஸ்கூட்டரை நேராக ஓட்டத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுகின்றன. பிறகு அவள் டிராஃபிக்கில் தடுமாறினால் பெண்கள் ஓட்டுவதே இப்படித்தான் என்று பேச்சு வேறு. கேட்டு வாங்கிக்கொள் அம்மா, உனக்கும் அதே மைதானம், அதே நேரம். துப்பட்டாவைக் கட்டி முடிந்துகொண்டு ஏறு; சக்கரத்தில் சுற்றிக் கழுத்தை இறுக்கிய விபத்துகள் நம் ஊரில் நடந்திருக்கின்றன.

செல்போன் பைக்குள்ளே, காதில் இயர்போன் வேண்டாம். டிரிபிள்ஸ் போகலாம் என்று கூப்பிட்டால், "என் வண்டியில் ரெண்டு பேர்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. காரணம் விளக்கிக்கொண்டு நின்றால் பேசிப் பேசியே ஏறிவிடுவார்கள்.

வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108-ஐக் கூப்பிடு. போலீஸ், கோர்ட் என்று பயப்படாதே. உதவுகிறவருக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

இனி அம்மா, அப்பாக்களிடம். கார் கற்க டிரைவிங் ஸ்கூலுக்குப் பணம் கட்டுகிறீர்கள். பிள்ளைகள் முதலில் எடுக்கும் டூவீலரை மட்டும் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறீர்கள். அவன் ஓட்டிக்கொண்டிருக்கும்போது "எங்கே இருக்கே" என்று போன் அடிக்காதீர்கள். நீங்கள் சிக்னலில் நிற்காமல் போனால் அவனும் நிற்கமாட்டான். பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு வண்டி வாங்கித்தருவதாகச் சொல்லியிருந்தால், கூடவே இரண்டு நல்ல ஹெல்மெட் வாங்குங்கள். ஒரு மாதம், ஞாயிறுதோறும், அவன் பின்னாலோ அவள் பின்னாலோ நீங்களே உட்கார்ந்து போய்வாருங்கள்.