பிராசசரை மாற்றுவதா, வேண்டாமா?

பழைய கம்ப்யூட்டர் இழுக்கத் தொடங்கினால் முதல் பழி பிராசசர் மேல்தான் விழும். காரோடு, செங்கல், கொல்லயில், குன்னத்துகால் என்று பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் சுற்றியுள்ள கேரள எல்லைக் கிராமங்களில், வீட்டிலும் டி.டி.பி. கடையிலும் கல்யாண போட்டோ ஸ்டூடியோவிலும் இன்னும் ஓடும் அசெம்பிள்டு சிஸ்டங்களைத் திறந்தால், எச்61 போர்டில் ஐ3-2100 உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். சிலவற்றில் அதற்கும் முந்திய ஜி41 போர்டும் கோர் 2 டுவோவும் இருக்கும். 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றதிலிருந்து, “பிராசசரை மட்டும் மாற்றினால் சமாளிக்கலாமா?” என்ற கேள்விக்கு அவசரம் கூடிவிட்டது. பெரும்பாலான பழைய கம்ப்யூட்டர்களில் கையிருப்புப் பணத்தைக் கடைசியாகப் போட வேண்டிய இடம் பிராசசர் என்பதே என் முடிவு. ஆனால் சில சிஸ்டங்களுக்கு அதைவிட நல்ல செலவு வேறு இல்லை. உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போதும். பணத்தை எடுப்பதற்கு முன் அந்தச் சாயங்காலத்தைச் செலவழித்துவிடுங்கள்.

முதல் வேலை அளப்பது. எந்த வேலையில் கம்ப்யூட்டர் திணறுகிறதோ அந்த வேலையைச் செய்துகொண்டே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் சி.பி.யு., மெமரி, டிஸ்க் மூன்றுக்கும் தனித்தனி வரைபடம் ஓடும். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு சி.பி.யு. 20, 30இல் நின்றால் பிராசசர் வேலையில்லாமல் காத்திருக்கிறது என்று பொருள். அதைவிட வேகமான பிராசசர் போட்டால் அதுவும் அதே டிஸ்க்குக்காகக் காத்திருக்கும். மெமரி 90ஐத் தாண்டி, கூடவே டிஸ்க்கும் ஏறினால் ராம் போதவில்லை. சி.பி.யு. பல நிமிடங்கள் உச்சத்திலேயே நின்று, மற்ற இரண்டும் நிதானமாக இருந்தால்தான் பிராசசரைப் பற்றிய பேச்சையே எடுக்க வேண்டும். இங்கே இரண்டு எச்சரிக்கை. ஆன் செய்த உடனே அளக்காதீர்கள். அப்டேட்டும் ஆன்ட்டிவைரஸும் பின்னால் ஓடி முடியப் பத்து நிமிடம் விடுங்கள். அடுத்து, சி.பி.யு. வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். மொத்தக் கணக்கு 25 சதவீதம் என்று சாதுவாகத் தெரியும்போது, நான்கில் ஒரு கட்டம் மட்டும் நிரம்பி வழிந்துகொண்டிருக்கலாம்.

அதே பக்கத்தில் வேகம் என்று கிகாஹெர்ட்ஸில் ஓர் எண் இருக்கும். அதைப் பலரும் கவனிப்பதில்லை. 3.1 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் முழு வேலையில் இருக்கும்போது இந்த எண் 2க்குக் கீழே இறங்கினால் அது பழசானதால் அல்ல. சூடு தாங்காமல் தன்னைத் தானே குறைத்துக்கொள்கிறது. இடவப்பாதி மழையின் ஈரமும் விறகடுப்புப் புகையும் சேர்ந்து ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் தூசியைக் களிபோல் ஒட்டவைத்துவிடும். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் காலில் ஒன்று மேலே எழும்பியிருந்தாலே கூலர் ஒரு பக்கம் சாய்ந்து, பாதிப் பிராசசர் சூட்டிலேயே நிற்கும். தூசியைத் தட்டி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக ஒரு கடுகளவு வைத்து, நான்கு காலையும் அழுத்திப் பூட்டினால் போன வேகம் திரும்பிவிடும். இதற்கு ஆகும் செலவு ஒரு பேஸ்ட் ட்யூப். வெப்சைட்டுகள் திறக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கம்ப்யூட்டரில் தேதியையும் பாருங்கள். போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து தேதி பின்னோக்கிப் போயிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போகும். அதைப் “பழைய மெஷின்” கணக்கில் எழுதுவது தவறு.

அளந்து பார்த்ததில் டிஸ்க்தான் குற்றவாளி என்றால் எஸ்.எஸ்.டி. போடுங்கள். “எச்61 போர்டில் பழைய சாட்டா 2தானே இருக்கிறது, எஸ்.எஸ்.டி. போட்டு வீண்” என்று ஒரு மறுப்பு வரும். அந்த போர்டு விநாடிக்கு 270 மெகாபைட் அளவுக்கே விடும், எஸ்.எஸ்.டி.யோ 500ஐத் தாண்டக்கூடியது என்பது உண்மை. ஆனால் விண்டோஸ் திறப்பதும் பிரவுசர் எழுவதும் ஒரே பெரிய ஃபைலைப் படிக்கும் வேலை அல்ல. ஆயிரக்கணக்கான துண்டு ஃபைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி எடுக்கும் வேலை அது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் ஊசி விநாடிக்குச் சுமார் நூறு தடவை இடம் மாறும், சாதாரண எஸ்.எஸ்.டி. அதே விநாடியில் பல்லாயிரம் தடவை எடுத்துத் தரும். போர்டின் குறுகிய வழியில் பாதி வேகம் போனாலும் மிச்சமிருப்பது பழையதைவிடப் பல மடங்கு. ராம் 4 ஜி.பி. என்றால் 8 ஆக்குங்கள். அதையும் இரண்டு ஸ்லாட்டிலும் பிரித்துப் போட்டால் டூயல் சேனல் கிடைக்கும். நாளைக்கே கம்ப்யூட்டரை மாற்றினாலும் எஸ்.எஸ்.டி. கூடவே வரும். பழைய சாக்கெட்டுக்கு வாங்கிய பிராசசர் அந்த போர்டோடு முடிந்துவிடும். பட்ஜெட் குறைவாக இருப்பவருக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

இவ்வளவும் செய்த பிறகும் சி.பி.யு. உச்சத்தில் நின்றால் அடுத்த கேள்வி, உங்கள் போர்டில் வேறென்ன உட்காரும்? சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் சாக்கெட், போர்டு மாடல், பயாஸ் பதிப்பு மூன்றும் தெரியும். அந்த மாடலின் பெயரைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, அது ஏற்கும் பிராசசர்களின் பட்டியலையும் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய பயாஸையும் பாருங்கள். சாக்கெட் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பி வாங்குவதில்தான் பணம் போகிறது. எல்.ஜி.ஏ. 1151 என்ற ஒரே பெயரில் 6, 7ஆம் தலைமுறையும் இருக்கின்றன, 8, 9ஆம் தலைமுறையும் இருக்கின்றன; எச்110 போர்டில் 8ஆம் தலைமுறை வேலை செய்யாது. எல்.ஜி.ஏ. 1155இல் 3ஆம் தலைமுறை பொருந்தும் என்றாலும், டெல் ஆப்டிபிளெக்ஸ் 390, 790 போன்ற ஆபீஸ் பெட்டிகள் 2ஆம் தலைமுறையோடு நின்றுவிடும். லேப்டாப் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் எல்லை தாண்டிச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்தாலும் சரி, கேரளத்தில் வாங்கியதாக இருந்தாலும் சரி, பத்து வருடமாக வரும் லேப்டாப்களில் பிராசசர் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். ராமும் எஸ்.எஸ்.டி.யும்தான் அதற்கு வைத்தியம்.

எவ்வளவு லாபம் என்பதை ஓர் உதாரணத்தில் கணக்குப் பார்ப்போம். ஐ3-2100இல் 2 கோர், 3.1 கிகாஹெர்ட்ஸ். அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7-3770இல் 4 கோர், 8 திரெட், உச்ச வேகம் 3.9. தனி ஒரு கோரின் வேகம் கால் பங்குக்குமேல் கூடுகிறது. எல்லாக் கோரையும் பிடித்துக்கொள்ளும் வேலையில் இரண்டு மடங்கைத் தாண்டும். ஆகவே கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் செய்கிறவருக்கு ஒரு மணி நேரம் ஆனது அரை மணிக்கும் கீழே வரலாம். நோட்டீஸ் அடிக்கும் டி.டி.பி.காரருக்கும், அரசு சர்ட்டிஃபிகேட்டுக்கு விண்ணப்பம் போடும் வீட்டுக்கும், டாலியில் கணக்கு எழுதும் கடைக்கும் அந்தக் கால் பங்குதான் மிச்சம். எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு அது கண்ணுக்கே தெரியாமல் போகலாம். இன்னொன்று: ஒரு சாக்கெட்டின் தலைமகனான ஐ7க்கு பழைய சாமான் சந்தையில் எப்போதும் தனி கிராக்கி உண்டு. நான்கு முழுக் கோர் கொண்ட ஐ5-3470 அதைவிட நியாயமான பேரம். விலை குறைந்த எச்61 போர்டுகளின் பவர் பகுதி மெலிந்தது என்பதால், 95 வாட் ஐ7-2600ஐ விட 77 வாட் 3ஆம் தலைமுறையோ 65 வாட் எஸ் வகையோ போடுவது போர்டின் ஆயுளுக்கு நல்லது.

இனி விண்டோஸ் 11. அதற்கு இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0ம் வேண்டும். எல்.ஜி.ஏ. 775, 1155, 1150 போர்டுகளில் எந்தப் பிராசசரைப் போட்டாலும் இந்த வரம்பை எட்ட முடியாது. குறுக்குவழியில் ஏற்றலாமே என்பார்கள். 24எச்2 பதிப்பு கேட்கும் சில கட்டளைகள் கோர் 2 குவாடில் இல்லாததால், குறுக்குவழியிலும் அது பூட் ஆகாது. எனவே விண்டோஸ் 11க்காக மட்டும் பழைய இன்டெல் போர்டில் பிராசசர் வாங்குவது முழு நஷ்டம். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 மட்டும் வேறு கதை. 2017இல் வந்த பி350 போர்டில் முதல் தலைமுறை ரைசன் வைத்திருப்பவர், போர்டு கம்பெனி புதிய பயாஸ் வெளியிட்டிருந்தால், அதே போர்டில் ரைசன் 5 5600 போடலாம். வேகமும் பெருமளவு கூடும், விண்டோஸ் 11ம் முறையாக ஏறும். தயங்காமல் பிராசசரை மாற்றச் சொல்லக்கூடிய இடம் இதுதான்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதால் வந்த பாதுகாப்புப் பிரச்சினையைப் பிராசசர் மாற்றாமலேயே தீர்க்கவும் வழி உண்டு, அது கேரளத்தின் கையிலேயே இருக்கிறது. 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017இல் கைட் நிறுவனமாக மாறிய அமைப்பு, அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்களை உபுண்டு அடிப்படையிலான குனு/லினக்ஸில் ஓட்டுகிறது. உங்கள் பிள்ளை பாறசாலை பள்ளியில் படிப்பதும் அதில்தான். அது இலவசம், யாரும் போட்டுக்கொள்ளலாம். தமிழும் மலையாளமும் அதில் தட்டச்சு செய்யலாம். பேஜ்மேக்கரையும் போட்டோஷாப்பையும் நம்பிப் பிழைப்பவருக்கு இது பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு விண்டோஸ் 10க்கான நீட்டிப்பு ஆதரவில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தில் பணம் சேர்ப்பது, செத்த சாக்கெட்டில் பணம் போடுவதைவிட மேல்.

விலைக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிகள் கழித்துவிட்ட 8ஆம் தலைமுறை ஆபீஸ் பெட்டி, உதாரணமாக ஐ5-8500 வைத்த ஆப்டிபிளெக்ஸ் 3060, இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பிராசசர், பேஸ்ட், தேவைப்பட்டால் புது எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் சேர்ந்து அந்த விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். “அப்படியானால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுப் புதிதாகவே வாங்கலாமே” என்ற எதிர்வாதம் ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. 2025 இறுதியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் தேவையால் மெமரி விலை உலகெங்கும் ஏறியதும் அந்த வாதத்தின் பலம் குறைந்தது, கையிலிருக்கும் டி.டி.ஆர்.4 ராமை வைத்துக்கொண்டு பிராசசரை மட்டும் மாற்றுவது ஏ.எம்.4காரருக்கு இன்னும் லாபமாகிவிட்டது. எல்லையில் வேறொரு நம்பிக்கையும் உண்டு: களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ வாங்கினால் வரி குறைவு என்று. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. இரண்டு பக்கமும் ஒன்றே. விலை வித்தியாசம் இருந்தால் அது கடைக்காரரின் லாபத்தில் இருக்கும். பில் தருகிறாரா, ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டு, திரும்பப் போய்வர எளிதான பக்கத்தில் வாங்குங்கள்.

கரண்ட் பில் ஏறும் என்ற பயத்துக்கும் கணக்கு உண்டு. 65 வாட்டிலிருந்து 77க்குப் போனால், தினமும் ஐந்து மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினாலும் கே.எஸ்.இ.பி.யின் இரண்டு மாத பில்லில் நான்கு யூனிட்கூடக் கூடாது. மாதம் 250 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீடு மட்டும் கவனிக்க வேண்டும். அந்த வரம்பைத் தாண்டினால் படிப்படியான கணக்கு போய், முழு யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை.

மாற்றுவது என்று முடிவானால் பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். அதனால் யு.பி.எஸ். இல்லாமல் தொடாதீர்கள், துலா மாதத்து இடிமின்னல் மதியத்தில் தொடவே வேண்டாம். அதே சமயம் போர்டில் சாக்கெட்டைச் சுற்றியுள்ள கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்று உப்பியிருந்தாலும் திட்டத்தைக் கைவிடுங்கள். இன்டெலில் பின்கள் போர்டின் சாக்கெட்டில் இருக்கும். பிராசசரின் தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் குறியோடு பொருத்தி, நேராக மேலிருந்து மெல்ல வைத்துவிடுங்கள், அழுத்தாதீர்கள். ஏ.எம்.4இல் பின்கள் பிராசசரில் இருக்கும். காய்ந்த பேஸ்ட் பிடித்திருந்தால் கூலரைத் தூக்கும்போது பிராசசரும் பிய்ந்துகொண்டு வரும். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி அணைத்து, பிளக்கைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிப் பிடி விட்ட பிறகே தூக்குங்கள். பூட் ஆனதும் சிபியு-இசட்டில் மாடல் எண் நீங்கள் காசு கொடுத்ததுதானா என்று பார்த்துவிட்டு, எந்த வேலையில் முன்பு திணறியதோ அதே வேலையை ஒரு மணி நேரம் ஓட்டி சூட்டையும் வேகத்தையும் கவனியுங்கள். கழற்றிய பிராசசரை உடனே விற்க வேண்டாம். ஒரு மாதத்துக்குள் சிஸ்டம் தானாக அணைந்தால், குறை போர்டிலா புதிதாக வாங்கியதிலா என்று பிரித்துச் சொல்ல அந்தப் பழையது தேவைப்படும்.