இதயத்தின் சுமையைக் குறைப்போம்

எண்ணெய்க் குழாய் அடைபட்டால் நீரிறைக்கும் இயந்திரம் பாரமான வேலைக்குத் திணறும். இதயத் தசைக்கு ஒட்சிசன் கொண்டுவரும் நாடிகள் ஒடுங்கினாலும் அவ்வாறே: மண்வெட்டி பிடிக்கையில் நெஞ்சு இறுகி நோகும், ஆறினால் தணியும்.

மருந்துகள் இதயத்தின் வேலையைக் குறைக்கின்றன. நாக்கின் கீழ் வைக்கும் ஜீ.ரீ.என். குளிசை நாளங்களை விரிப்பதால், இதயத்திற்குத் திரும்பும் குருதி குறைகிறது. தலை சுற்றலாம், ஆதலால் இருந்துகொண்டே வைப்போம். அற்றெனலோல் இதயத் துடிப்பை மெதுவாக்குகிறது. அதைத் திடீரென நிறுத்தினால் நோ கடுமையாகும், மாரடைப்பும் வரலாம்.

எனவே இடம்பெயரும்போது கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் முதலில் எடுத்துவைப்போம். ஜீ.ரீ.என். வைத்து 5 நிமிடத்தில் நோ தணியாவிட்டால், தாமதியாது 1990 அம்புலன்சை அழைப்போம்.