அலைக்கு எதுகை தேடுவோம்



தமிழ்த் தினப் போட்டிக்குக் கவிதை எழுத அமர்ந்தால் முதல் வரி எளிதில் வந்துவிடும். இரண்டாம் வரியில்தான் பேனா நிற்கும். ஒத்த ஓசையுள்ள சொல் கிடைக்காததே பெரும்பாலும் காரணம். அதைத் தேட வகுப்பில் நான் சொல்லித்தரும் வழியை இங்கே தருகிறேன். நம் கரையோரச் சொல்லான 'அலை'யையே எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கொப்பியில் 'லை' என்று எழுதி, அதன்முன் குறில் எழுத்துகளை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள்: இலை, உலை, கலை, குலை, கொலை, சிலை, தலை, நிலை, மலை, வலை, விலை. இதோ, 11 சொற்கள்!

மாலை, சோலை, ஓலை என்பன நெடிலில் தொடங்குவதால் அலைக்கு எதுகையாகா. வரியின் இறுதியில் வைத்தால் இயைபாகும். மழை, பிழை, முளை என்பன பேச்சில் ஒன்றுபோலக் கேட்கலாம். ஆனால் ல, ழ, ள வெவ்வேறு எழுத்துகள். மோனை வேண்டுமாயின் அகரத்துக்கு இனமான அ, ஆ, ஐ, ஔ எழுத்துகளில் தேடுங்கள்: அன்னை, ஆழம், ஐயம்.

பட்டியல் கிடைத்தபின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. 2004 டிசம்பர் 26 பற்றி எழுதும் பிள்ளைகள் பலர் 'அலை' என்றதும் 'கொலை' என்று எழுதிவிடுகிறார்கள். ஓசை பொருந்துகிறது. பொருள் பொருந்துகிறதா? கொலை என்றால் அதற்குப் பின்னால் ஒரு பகை இருக்க வேண்டும். அன்று பிள்ளையை இழந்த ஓர் உம்மா அந்த வரியை வாசித்தால் என்ன நினைப்பார்? அதே கடலில் மீண்டும் தோணி இறக்கிய வாப்பா என்ன சொல்வார்? இக்கேள்விகளுக்குப் பதில் இருந்தால் அச்சொல்லை வையுங்கள். இல்லையேல் பட்டியலில் இன்னும் பத்துச் சொற்கள் இருக்கின்றன.

அவற்றிலிருந்து நான் எழுதிய மூன்று வரிகள் இவை:

வலை நிறைந்தால் வாப்பா சிரிப்பார்
அலை எழுந்தால் உம்மா விழிப்பார்
விலை விழுந்தால் இருவரும் தவிப்பார்

வலை, அலை, விலை எதுகை. வலை, வாப்பா மோனை. விலை, விழுந்தால் என்பதும் மோனையே. சிரிப்பார், விழிப்பார், தவிப்பார் இயைபு. இவற்றில் அரிய சொல் ஒன்றுமில்லை. எல்லாம் மீனவர் வீட்டில் தினமும் புழங்கும் சொற்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கவிதையை வாசித்துக் காட்டும்போது "நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இந்தச் சொல்லை ஏன் வைத்தாய், மகள்?" என்றும் கேளுங்கள். "எதுகைக்காக" என்பது மட்டுமே பதிலானால், இன்னொரு சொல்லைத் தேடச் சொல்லுங்கள்.

பயிற்சி: 'மழை'க்கு இவ்வாறே பட்டியல் எழுதுங்கள். அதில் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் இரண்டு சொற்களைத் தெரிந்து நான்கு வரிகள் எழுதி வாருங்கள்.