வரப்புத் தகராறும் அளவைக் கல்லும்

அண்டை நிலத்தார் ஒவ்வோர் உழவின்போதும் பொது வரப்பைச் சிறிது செதுக்கி வந்தால், சில ஆண்டுகளில் அது இடம் மாறிவிடும். 200 அடி நீளமுள்ள வரப்பு 2 அடி நகர்ந்தால் 400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ ஒரு சென்ட் நிலம், கைமாறுகிறது.

இந்நிலையில் அங்கத்தினர் செய்யத் தகாதவை இரண்டு. ஆத்திரத்தில் வரப்பை வெட்டுதல் ஒன்று. முகத்தாட்சண்யம் கருதி வாளாவிருத்தல் மற்றொன்று. பின்னதால் நிலமே பறிபோகலாம். 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின்படி, ஒருவர் பிறர் நிலத்தை உரியவருக்கு எதிராக, வெளிப்படையாகவும் இடைவிடாமலும் 12 ஆண்டுகள் அனுபவித்துவிட்டால், உரியவர் அதனை வழக்கிட்டு மீட்கும் உரிமையை இழக்க நேரும்.

ஆதலால் முதலில் ஊர்ப் பெரியவர் இருவரை வைத்துக்கொண்டு அண்டை நிலத்தாரிடம் அமைதியாகப் பேசுக. இசைவு ஏற்படாவிடில், பட்டா நகலுடன் மனுச் செய்து, உரிய கட்டணம் செலுத்தி, எல்லையை அளந்து காட்டக் கோருக. நில அளவர் புலப்படத்தில் கண்ட அளவுகளைக் கொண்டு எல்லையைக் குறிப்பார். அப்போது இருதரப்பாரும் உடனிருத்தல் வேண்டும். அரசு நட்ட அளவைக் கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் தண்டனைக்குரிய குற்றமாகும். நெசவாளர் மனை எல்லைக்கும் இம்முறையே பொருந்தும்.

அளந்த அன்றே எல்லையை எழுத்தில் ஒப்புக்கொண்டு இருவரும் கையொப்பமிடுக. மறுத்தால் உரிமையியல் நீதிமன்றத்தை நாடுவதில் காலதாமதம் கூடாது. ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் இருவருக்கு, கோர்ட்டுச் செலவைவிட அந்தக் கையெழுத்து மிக மலிவானது.